ஜாகீர் பாய் திருப்பி அனுப்பிய கலைகள்

குன்னூர் பஜாரில் ஸ்வெட்டர் கடை வைத்திருக்கும் ஜாகீர் பாய் எந்தச் சரக்கையும் மேலோட்டமாகப் பார்த்து வாங்கமாட்டார். முதலில் உள்பக்கத்தைத் திருப்புவார். தையலுக்குள் நகத்தை விட்டு நெம்புவார். கையை இரண்டு பக்கமும் இழுத்து விட்டுவிட்டு, அது பழைய அளவுக்குத் திரும்புகிறதா என்று இடுப்பில் கைவைத்து நின்று பார்ப்பார். லூதியானாவிலிருந்து வரும் ஏஜெண்டுகளுக்கு அவர் கடைப் படியில் கால் வைக்கும்போதே நாக்கு வறண்டுவிடும். முப்பது வருஷத்தில் ஒரு மட்டமான உருப்படிகூடத் தன் கடையைத் தாண்டி வெளியே போனதில்லை என்று அவர் சொல்லிக்கொள்வார். அது உண்மைதான். நல்ல உருப்படிகள் பலவும் உள்ளேயே வந்ததில்லை என்பதும் உண்மை, ஆனால் அதை அவர் சொல்லமாட்டார்.

அப்பேர்ப்பட்ட மனிதர் தன் மகளுக்கு ஒரு தற்காப்புக் கலை தேடிக் கிளம்பினால் என்ன ஆகும் என்பதைக் குன்னூர் பஜார் போன ஜூன், ஜூலையில் கண்ணாரக் கண்டது.

மகள் அல்ஃபியாவுக்கு இருபத்துமூன்று வயது. மருந்தாளுநர் படிப்பை நல்ல மார்க்கோடு முடித்துவிட்டு இரண்டு வருஷமாக அப்பாவின் கடையில் ஸ்வெட்டர் மடித்துக்கொண்டிருந்தாள். சீசன் கூட்டம் மலையிறங்கிய கையோடு அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. ஓவேலிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் வேலை. தங்குவதற்குக் குவார்ட்டர்ஸ். ஜூலை பத்தாம் தேதிக்குள் வந்து சேராவிட்டால் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள். அல்ஃபியா அந்தக் கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டு, மடிக்க வேண்டிய ஸ்வெட்டர்களை அப்படியே விட்டுவிட்டு, பின்பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

ஜாகீர் பாய்க்கு இது பெரிய தர்மசங்கடம். மகளைப் படிக்கவைத்ததே அவர்தான். ஜமாத்தில் நாலு பேர் எதற்கென்று கேட்டபோது, என் பொண்ணு சொந்தக் காலில் நிற்பாள் என்று மார்தட்டியவரும் அவர்தான். இப்போது அந்தக் கால் கூடலூரைத் தாண்டிப் போய் நிற்கப் போகிறது என்றதும் போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை. போ என்று சொல்லவும் மனசு வரவில்லை. இரண்டு நாள் கல்லாப் பணத்தைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் மருமகன் முறையில் யாரோ அனுப்பிய ஒரு வீடியோ அவர் போனில் வந்தது. அதில் ஒரு ஒல்லிப் பெண் மூன்று தடியன்களைக் கண்மூடித் திறப்பதற்குள் தரையில் சாய்த்தாள். ஜாகீர் பாய் முகம் மலர்ந்தது.

தனியாக இருக்கப்போகிற பெண், காட்டோர ஊர், அதனால் ஒரு தற்காப்புக் கலை இல்லாமல் அனுப்ப முடியாது என்று அன்றைக்கே தீர்ப்பு சொன்னார். எது நல்லது என்று தானே பார்த்து, தானே சேர்த்துவிடுவதாகவும், அது அமைந்த பிறகு தாராளமாகப் போகலாம் என்றும் சொன்னார். மனைவி மகளைப் பார்த்தாள். மகள் உடனே, “சரிங்க அத்தா” என்றாள். இவ்வளவு சீக்கிரம் சரி என்பாள் என்று எதிர்பார்க்காததால் அவருக்குச் சின்ன ஏமாற்றம்தான்.

எதிர்க்கடை மருதமுத்து தேயிலைத்தூளும் யூகலிப்டஸ் தைலமும் விற்பவர். சீசன் முடிந்தால் அவருக்கு ஈ ஓட்டுவது ஒன்றே வேலை, குளிரில் அந்த ஈயும் இருக்காது. விஷயம் காதில் விழுந்ததும் சாலையைத் தாண்டி வந்து உட்கார்ந்துவிட்டார். குன்னூர் வட்டாரத்தில் யார் யார் என்னென்ன சொல்லித் தருகிறார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. வாரத்துக்கு ஒருவரைப் பார்க்கலாம், அவசரப்பட்டு எதிலும் தலையைக் கொடுத்துவிடக் கூடாது என்று அவர் சொன்ன யோசனை ஜாகீர் பாய்க்கு ரொம்பப் பிடித்துப்போனது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் கடைக்கு விடுமுறை. மற்ற நாட்களில் அல்ஃபியா ஐந்து மணிக்குப் புதிதாகச் சேர்ந்த தையல் வகுப்புக்குப் போய்விடுவாள் என்பதாலும் செவ்வாய்தான் தோதாக இருந்தது.

முதல் செவ்வாய் கராத்தே. மாஸ்டர் இளங்குமரன் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். முப்பது பிள்ளைகள் வெள்ளை உடுப்பில் வரிசையாக நின்று, கத்திக்கொண்டே காற்றைக் குத்தினார்கள். ஜாகீர் பாய் முதல் காரியமாகக் கொக்கியில் தொங்கிய ஒரு உடுப்பை எடுத்து உள்பக்கம் திருப்பிப் பார்த்து, அக்குளில் ஒற்றைத் தையல்தான் போட்டிருக்கிறது என்று மாஸ்டரிடம் தெரிவித்தார். பிறகு எதற்கு எல்லாரும் வெறுங்காலோடு நிற்கிறார்கள் என்று விசாரித்தார். ஜூலை மாதத்து ஓவேலியில் தரையில் கால் வைத்தால் அட்டை ஏறும், இவள் காலைத் தூக்குவதற்குள் விரலிடுக்கில் நாலு தொங்கும், திருடனை உதைப்பாளா அட்டையை உதறுவாளா என்பது அவர் கேள்வி. அவசரத்துக்கு ஷூ காலாலும் உதைக்கலாம் என்று இளங்குமரன் பொறுமையாகச் சொன்னார்.

சாம்பிள் பார்க்காமல் வாங்கிப் பழக்கமில்லாத ஜாகீர் பாய், தன் வயிற்றிலேயே ஒரு குத்து விட்டுக் காட்டச் சொன்னார். மாஸ்டர் தயங்கினார். இவர் விடவில்லை. அன்றைக்கு இவர் உடம்பில் ஒரு உள் பனியன், ஒரு முழுக்கை ஸ்வெட்டர், அதற்கு மேல் கையில்லாத ஸ்வெட்டர், அதற்கும் மேல் ஜெர்கின் இருந்தது. மாஸ்டரின் குத்து பொத்தென்று விழுந்தது. ஜாகீர் பாய் தலையை ஆட்டி, உள்ளே வந்து சேரவேயில்லை என்றார். இரண்டாவது குத்தில் ஜெர்கினிலிருந்து தூசி பறந்ததே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. இளங்குமரனுக்கு மாணவர்கள் முன்னால் மானப் பிரச்சினையாகிவிட்டது. மேலே போட்டிருப்பதைக் கழற்றச் சொன்னார். ஜெர்கினும் கையில்லாததும் கழன்றன. மூன்றாவது குத்துக்கு ஜாகீர் பாய் முதலில் உட்கார்ந்தார், பிறகு படுத்தார்.

இரண்டு நாள் அவரால் சிரிக்க முடியவில்லை. தும்மல் வந்தால் மேஜையைப் பிடித்துக்கொண்டார். ஆனாலும் தீர்ப்பில் மாற்றமில்லை. இந்த மலையில் திருடனும் மூன்று அடுக்கு போட்டுக்கொண்டுதான் வருவான், அவனிடம் போய், அண்ணே கொஞ்சம் ஜெர்கினைக் கழட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டு நிற்க முடியாது என்று மருதமுத்துவிடம் விளக்கினார். மருதமுத்து முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு ஆமோதித்தார்.

இரண்டாவது செவ்வாய் சிலம்பம். வெலிங்டனில் ராணுவ அலுவலகம் ஒன்றில் சிவிலியன் ஊழியராக இருக்கும் தரணிதரன், வேலை முடிந்ததும் மைதானத்தில் சொல்லித் தருகிறார். கம்பு சுழன்ற வேகத்தில் ஆறடிக்கு யாரும் நெருங்க முடியாது என்பதைக் கண்டதும் ஜாகீர் பாய்க்கே குறை எதுவும் தோன்றவில்லை. நல்லவேளையாக மூடுபனி இறங்கியது. ஆசான் மறைந்தார், கம்பும் மறைந்தது, விர்ரென்ற சத்தம் மட்டும் கேட்டது. அந்த இடைவெளியில் இவர் குறைகளைத் திரட்டிக்கொண்டார். கம்பு மகளைவிட உயரம். கூடலூர் பஸ்ஸில் அதை எங்கே வைப்பது? குவார்ட்டர்ஸ் சமையலறையில் சுழற்றினால் பல்புதான் உடையும்.

தரணிதரன் சளைக்கவில்லை. ஒரு குடையை எடுத்து, கம்பில் செய்ததை எல்லாம் அதிலேயே செய்து காட்டினார். ஓவேலியில் ஜூனிலிருந்து எல்லாப் பெண்களின் கையிலும் குடை இருக்கும், அதைவிடத் தோதான ஆயுதம் ஏது என்றும் கேட்டார். இது சரியான நியாயம். ஜாகீர் பாய் குடையை வாங்கி விரித்துக் கம்பிகளை எண்ணிப் பார்த்தார். பிறகு, தம்பிக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று விசாரித்தார். இன்னும் இல்லை என்றார் தரணிதரன், சிரித்த முகத்தோடு. திரும்பி வரும் வழியெல்லாம், கம்பு நல்ல கம்புதான், பிடிக்கிற கைதான் சரியில்லை என்று ஜாகீர் பாய் சொல்லிக்கொண்டே வந்தார். அல்ஃபியா பஸ் ஜன்னல் பக்கம் திரும்பி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

மூன்றாவது வாரம் ஒரே வாரத்தில் இரண்டு கலைகள் அடிபட்டன. பாக்ஸிங் சொல்லித் தரும் ஓய்வுபெற்ற ராணுவக்காரரின் மூக்கு எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நடுவில் வளைந்திருந்தது, ஜாகீர் பாய் அந்த மூக்கைப் பார்த்தார், தன் மகளின் மூக்கைப் பார்த்தார், வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டார். கூடலூரில் களரி ஆசான் ஒருவரைப் போனில் பிடித்தார்கள். முதல் மூணு மாசம் எண்ணெய் தேச்சு உடம்பு வளையற மாதிரி மெய் வழங்க வைக்கணும், பின்னெதான் பாக்கியெல்லாம் என்றார் அவர். எதிரி மூணு மாசம் காத்திருப்பானா என்று கேட்டுவிட்டு ஜாகீர் பாய் போனை வைத்தார். தைலத்தைத் தெளிப்பானில் ஊற்றிக் கொடுத்தனுப்பலாம் என்று மருதமுத்து ஒரு வியாபார யோசனை சொன்னார். அதுவும் தேறவில்லை. சளி பிடித்த திருடனாக இருந்தால் தேங்க்ஸ் சொல்லிவிட்டுப் போவான் என்பது பாயின் வாதம்.

அப்போதுதான் மருதமுத்து கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார்.

“ஏனுங்க பாய், தப்பா நெனைக்காதீங்க. இத்தன எடம் போனீங்க. ஒரு எடத்துலயாச்சும் ஃபீஸு எவ்வளவுன்னு கேட்டீங்களா?”

விலையே கேட்காமல் புரட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர்களை முப்பது வருஷமாகத் திட்டி வந்தவர் ஜாகீர் பாய். கடைக்குள் போய், அல்ஃபியா மடித்து வைத்திருந்த ஸ்வெட்டர்களைப் பிரித்து மறுபடியும் மடித்தார். அவள் மடித்த அளவுக்கு அவருக்கு வரவில்லை. நாலு மணி ஆனால் அவள்தான் ஃப்ளாஸ்கிலிருந்து இரண்டு டம்ளரில் டீ ஊற்றுவாள். அவர் தட்டிலிருக்கும் வர்க்கி பிஸ்கட்டில் பாதியைக் கேட்காமலே உடைத்துக்கொள்வாள். பத்தாம் தேதிக்குப் பிறகு முழு வர்க்கியையும் அவரேதான் தின்ன வேண்டும். பயமும் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் பயம் பாதிதான். மிச்சத்தை யாரிடம் சொல்வது, என்னவென்று சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

நாலாவது செவ்வாய் வந்தபோது கடைசித் தேதிக்கு மூன்றே நாள் பாக்கி. அன்றைக்கு மருதமுத்து ஒன்றும் சொல்லவில்லை. அல்ஃபியாவே வந்து, சர்ச் ஹாலில் தபித்தாள் டீச்சர் என்று ஒருவர் பெண்களுக்குச் சொல்லித் தருவதாகவும், அதையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்றும் சொன்னாள். ஜாகீர் பாய் தாராளமாகச் சம்மதித்தார். இது ஒன்றையும் தட்டிவிட்டால் பட்டியலும் முடிந்தது, தேதியும் முடிந்தது.

தபித்தாள் பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். சேலைக்குள் ட்ராக் பேண்ட்டும் மேலே ஒரு பச்சை ஸ்வெட்டரும் போட்டிருந்தார். அது ஆறு வருஷத்துக்கு முன்னால் தன் கடையில் வாங்கிய உருப்படி என்பதை ஜாகீர் பாய் வாசலிலேயே கண்டுபிடித்துவிட்டார். முழங்கைகூட இன்னும் தேயவில்லை. வரும்போதே மனசு கொஞ்சம் இளகிவிட்டதை அவர் அபாய அறிகுறியாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஹாலில் தடித்த மெத்தைகள் விரித்திருந்தன. பத்துப் பன்னிரண்டு பெண்கள் ஒருவரை ஒருவர் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். யாரும் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை, சாக்ஸைக்கூடக் கழற்றவில்லை. என்ன கலை இது என்று கேட்டார் ஜாகீர் பாய்.

“ஜூடோதானுங்க. நம்மூருக் குளிருக்குத் தக்கன கொஞ்சம் மாத்தியிருக்கேன்” என்றார் தபித்தாள். “இதுல குத்தறது ஒதைக்கறதெல்லாம் இல்லீங்க. எதிராளி போட்டிருக்கற துணியப் புடிச்சு ஆளச் சாய்க்கறது. மலைக்குக் கீழ சட்டையப் புடிச்சா கிழிஞ்சு கையோட வந்துரும். இங்க எல்லாருமே மேல நாலு போட்டுட்டுத்தான் வாறாங்க. அத்தனையும் நமக்குக் கைப்புடிங்க.”

ஜாகீர் பாய் நாலா பக்கமும் குறை தேடினார். அட்டைப் பிரச்சினை இல்லை. பஸ்ஸில் ஏற்றக் கம்பு இல்லை. மூக்குக்கு ஆபத்தில்லை. டீச்சருக்குப் பேரன் எடுத்தாகிவிட்டது. மூன்று அடுக்கு உடுப்பை ஊடுருவ முடியாமல் ஒரு கலை திணறியது என்றால் இந்தக் கலை அதைக் கண்டதும் நாக்கைச் சப்புக்கொட்டுகிறது. கடைசியில் அவருக்கே உரிய குறை ஒன்று அகப்பட்டது. இழுக்கிற இழுப்பில் ஸ்வெட்டரே கிழிந்து, ஆள் பாதியில் நழுவிவிட்டால்?

மட்டமான ஸ்வெட்டர் என்றால் கிழியத்தான் செய்யும் என்று தபித்தாள் ஒப்புக்கொண்டார். உங்கள் கடை ஸ்வெட்டரும் கிழியுமா என்று ஒன்றும் தெரியாதவர் போலக் கேட்டார்.

ஹால் முழுக்க அவரையே பார்த்தது. கிழியும் என்றால் முப்பது வருஷப் பேர் போச்சு. கிழியாது என்றால் மகள் போய்விடுவாள். அவருக்குள் இருந்த வியாபாரி முந்திக்கொண்டான். பார்த்துவிடுவோம் என்று செருப்பைக் கழற்றிவிட்டு மெத்தையில் ஏறினார் ஜாகீர் பாய்.

தபித்தாள் சேலை முந்தானையைச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார். ஜாகீர் பாய் இரண்டடி பின்னால் போய் இருமினார். அந்நியப் பெண்மணி வந்து நெஞ்சுத்துணியைப் பிடிப்பது அவர் வழக்கத்துக்கு ஒத்துவராது. டீச்சருக்குப் புரிந்தது. அப்படியென்றால் உங்கள் பெண்ணே பிடிக்கட்டும் என்றார். அவளுக்கு என்ன தெரியும், அவளும் என்னோடு இப்போதுதானே வந்தாள் என்று ஜாகீர் பாய் சிரித்தார். அல்ஃபியா கண்ணாடியைக் கழற்றிப் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் நீட்டினாள். அந்தப் பெண் திரும்பிக்கூடப் பார்க்காமல், தினமும் வாங்குகிற கையாக அதை வாங்கிக்கொண்டாள். எல்லாச் சரக்கிலும் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறவர் இதைக் கவனிக்கத் தவறிவிட்டார்.

மகளின் ஒரு கை அவர் ஜெர்கின் காலரைப் பிடித்தது, இன்னொரு கை முழங்கைப் பக்கத்து மடிப்பைப் பிடித்தது. இன்னும் கொஞ்சம் மேலே பிடிம்மா என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார். சொல்லி முடிப்பதற்குள் சர்ச் ஹாலின் கூரை அவர் முகத்துக்கு நேரே வந்து நின்றது.

மல்லாந்து கிடந்தபடி ஜாகீர் பாய் சொன்ன முதல் வார்த்தை, தையலைப் பார் என்பது. பார்த்தார்கள். ஒரு நூல்கூடப் பிரியவில்லை. பெண்கள் கைதட்டினார்கள், இவரும் படுத்தவாக்கில் ஒரு கணம் பெருமைப்பட்டுக்கொண்டார். அப்போது தபித்தாள் அல்ஃபியாவிடம், இடுப்பை இன்னும் கொஞ்சம் உள்ளே கொண்டுபோக வேண்டும் என்று போன வாரமே சொன்னேனே என்றார்.

போன வாரமா?

தையல் வகுப்பு. ஒரு மாதமாகத் தையல் வகுப்புக்குப் போகிற பெண் ஒரு கைக்குட்டைகூடத் தைத்துக் காட்டவில்லையே என்று அவருக்கு இப்போதுதான் உறைத்தது. தினமும் சாயங்காலம் அவளுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்த மனைவிக்குத் தெரிந்திருக்கிறது. வாரத்துக்கு ஒன்றாக எல்லாத் திசைக்கும் இவரைத் துரத்திவிட்ட மருதமுத்துவுக்கும் தெரிந்திருக்கிறது. தேடிப் போன இடத்திலெல்லாம் தான் ஆட்டம் காட்டுவதாக நினைத்துக்கொண்டிருந்த மனிதருக்கு ஊரே ஆட்டம் காட்டியிருக்கிறது.

“நீங்க தேடி முடிக்கற வரைக்கும் காத்திருந்தா தேதி போயிருமுங்கத்தா” என்றாள் அல்ஃபியா. “அதான் நானே ஒண்ணப் பாத்துச் சேந்துட்டேன்.”

கோபப்பட முயன்றார். படுத்துக்கொண்டு கோபப்படுவது சிரமமாக இருந்தது. அவள் குனிந்து கையை நீட்டினாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகும் பிடியை விடவில்லை.

முதலில் யாரும் கவனிக்கவில்லை. அவளும் கவனிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, விடுங்கள் அத்தா என்றாள்.

“நீயே எடுத்துக்க. கத்துக்கிட்டேல்ல” என்றார். வேடிக்கையாகச் சொல்லத்தான் நினைத்தார், குரல் வேறு மாதிரி வந்துவிட்டது.

கைதட்டிக்கொண்டிருந்த பெண்கள் அடங்கினார்கள். சரக்கு மூட்டைகளைக் கயிறு போட்டு இழுத்து இறுகிப்போன கை அது, அவரை அறியாமலே இன்னும் இறுகியது. அப்போது தன் விரல்களுக்குள் அவள் மணிக்கட்டு மெதுவாகத் திரும்புவதை உணர்ந்தார். அது அவருடைய கட்டைவிரல் பக்கமாகத் திரும்பியது. பிடி அங்கேதான் பலவீனம் என்பது ஒன்றும் கற்காத அவருக்கே அந்த நொடியில் புரிந்தது. இன்னும் அரை அங்குலம் போதும், கை வெளியே வந்துவிடும், அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

மணிக்கட்டு பாதியில் நின்றது. பிறகு திரும்பி வந்து, பழையபடி அவர் பிடிக்குள் அடங்கி இருந்தது.

கண்ணாடி இல்லாத கண்களை இடுக்கிக்கொண்டு அவள் அவரைப் பார்த்தாள். கண்ணோரம் ஈரமாக இருந்தது.

“நான் உருவிக்க மாட்டேன்த்தா” என்றாள். “நீங்கதான் விடணும்.”

ஜாகீர் பாய் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளால் முடியும் என்பதில் இனி சந்தேகப்பட ஒன்றுமில்லை. திருப்பிப் பார்க்க உள்பக்கம் எதுவும் மிச்சமில்லை. அவர் முதலில் சுண்டுவிரலை எடுத்தார். பிறகு மற்ற மூன்றையும். கட்டைவிரல் மட்டும் கொஞ்சம் தாமதித்தது. அவள் மணிக்கட்டில் விரல் அச்சு சிவந்து கிடந்தது. ஜெர்கின் கையால் அதை இரண்டு தடவை தேய்த்துவிட்டார்.

“வியாழக்கெழம கூடலூருக்கு மொதல் பஸ் எத்தன மணிக்கு?” என்று கேட்டார்.

“ஆறே காலுக்குங்கத்தா.”

“ஜன்னல் சீட்டு வேணும்னா அஞ்சே முக்காலுக்கே அங்க நிக்கணும்” என்று சொல்லிவிட்டு, யார் கையையும் பிடிக்காமல் தரையில் கையூன்றி அவர் எழுந்தார்.